யோவான் எழுதாமல் விட்டவை

நம் ஆலய நூற்றாண்டு மலருக்காக, தகவல் பெருக்கத்தின் நடுவே விசுவாச வாழ்வு என்னும் பொருளில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அது எனக்குக் கிடைத்த பேறு. சபையின் வரலாறும் ஆயர்களின் தொண்டும் நம் மக்கள் அறிந்தவை. ஆதலால் நேரே வேதத்துக்குள் செல்கிறேன்.

பழைய பாரம்

புத்தகப் பெருக்கத்தையும் அதனால் வரும் அலுப்பையும் பிரசங்கி பேசிய நாளில் (12:12) அச்சுப்பொறி கிடையாது. புதுச் செய்தி சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்த அத்தேனே பட்டணத்தாரைப் பவுல் கண்டபோது (அப். 17:21) கைபேசி கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெருங்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்த தொமினிக்கத் துறவி போவேயின் வின்சென்ட், நூல்கள் மிகுதி, வாழ்நாள் குறைவு, நினைவாற்றல் சிறிது என்று முன்னுரையிலேயே வருந்துகிறார். மிகுதி ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்திருக்கிறது. எதை ஏற்பது, எதை விடுவது என்பதற்கு நம்மிடம் அளவுகோல் உண்டா என்பதே கேள்வி.

சுவிசேஷகனின் அளவுகோல்

அந்த அளவுகோலை யோவான் சுவிசேஷம் வெளிப்படையாகவே தருகிறது. இயேசு செய்த வேறு பல அடையாளங்களை இந்த நூலில் சேர்க்கவில்லை என்கிறார் ஆசிரியர் (20:30). எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் அந்த நூல்களுக்கு உலகத்திலேயே இடம் போதாது என்றும் முடிக்கிறார் (21:25). எழுதியவற்றை ஏன் எழுதினார்? வாசிக்கிறவர்கள் இயேசுவே கிறிஸ்து என்று நம்பி, அவருடைய நாமத்தினால் ஜீவன் பெறவேண்டும் என்பதற்காக (20:31). ஜீவன் தருமா? அந்த ஒரே கேள்வியால் அவர் சலித்தெடுத்தார்.

விளைவைப் பாருங்கள். பெத்லகேம் முன்னணை இதில் இல்லை. மலைப்பிரசங்கம் இல்லை. இராப்போஜனத்தில் அப்பமும் பாத்திரமும் கொடுக்கப்பட்டதைச் சொல்லாமல், ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்கிறார். ஆனால் இரவில் வந்த நிக்கொதேமுவோடும், கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணோடும் நடந்த உரையாடல்களுக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறார். மொத்தம் 21 அதிகாரங்கள். அவற்றில் 13 முதல் 19 வரை ஏழு அதிகாரங்கள், அந்த இராப்போஜனத்திலிருந்து கல்லறை வரையான ஒரே ஓர் இரவுக்கும் பகலுக்கும் உரியவை. நூலில் மூன்றில் ஒரு பங்கு! பலவற்றை விட்டதனால்தான் ஒன்றின் அருகே அவ்வளவு நேரம் நிற்க முடிந்தது.

பரிசுத்த அகுஸ்தீனார் இதற்குத் துணையான ஓர் உரைகல்லை வைத்தார். தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பாத வேத அறிவு, வேதத்தை இன்னும் அறியாத அறிவே என்பது அவர் கிறிஸ்தவ போதனை பற்றி எழுதிய நூலின் கருத்து. அறிவு இறுமாப்பைத் தரும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்ற பவுலின் போதனையோடு (1 கொரி. 8:1) இது ஒத்துப்போகிறது.

லூக்கா பத்தாம் அதிகாரத்திலும் இதைக் காணலாம். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் கண்டான், லேவியனும் கண்டான், சமாரியனும் கண்டான். மூவருக்கும் கிடைத்த செய்தி ஒன்றே. கிட்டே வந்தவன் ஒருவன். அதே அதிகாரம் முடியுமுன் மரியாள் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்திருக்கிறாள், மார்த்தாளோ பல வேலைகளால் கலங்குகிறாள். அமர்ந்து கேட்பதையும் எழுந்து உதவுவதையும் சுவிசேஷகன் அடுத்தடுத்து வைத்தது சிந்திக்கத்தக்கது.

தேடவும் தங்கவும்

மிகுதியைக் கையாளும் கருவிகளைத் திருச்சபை வெறுக்கவில்லை. நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. அதே நூற்றாண்டில் பாரிசில் செயின்ட் ஷேரின் ஹியூ தலைமையில் தொமினிக்கத் துறவிகள் வேதாகமச் சொல்லகராதியைத் தொகுத்தார்கள். 1551இல் ராபர்ட் எஸ்தியேன் புதிய ஏற்பாட்டை வசன எண்களோடு அச்சிட்டார். ஆனால் தேடிக் கண்டதோடு வாசிப்பு முடிந்துவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படிகளைக் காட்டினார். இன்று நாம் முதற்படியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நம் மண்ணின் சாட்சி

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு விளக்கக் குறிப்புகளோடு பட்டியல் எழுதினார். அறிவைத் தேடுவதில் அவர் குறை வைக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அது 1714–15இல் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்தவர், 1719இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார். பலவற்றைக் கற்றவர் ஒன்றுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். இந்த மரபில் வந்தோம் என்பது நமக்குப் பெருமை. அது நம் பொறுப்பும்கூட.

அன்பார்ந்த சபையாரே!

காலையில் கைபேசியைத் திறக்குமுன் ஒரு சங்கீதத்தை வாயால் வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்புமுன், இது மெய்யா, அன்பை வளர்க்குமா என்று கேளுங்கள். துன்பச் செய்தி பத்து வந்தால், ஒன்றுக்காவது கிட்டே போங்கள். வாலிபரே, ஒரு சுவிசேஷத்தை ஆண்டு முழுவதும் வாசிக்கத் துணியுங்கள். ஞானம், அறிவு என்னும் பொக்கிஷங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் அடங்கியிருக்கின்றன என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபம் (2:3) கற்பிக்கிறது. அவரைப் பற்றிக்கொள்ள இந்த நூற்றாண்டு விழாவில் கர்த்தர் நம் எல்லாருக்கும் கிருபை செய்வாராக. ஆமென்.