நம்பிக்கையும் ஒளியும் (இயக்கம்)

நம்பிக்கையும் ஒளியும் (பிரெஞ்சு மொழியில் ஃபுவா எ லுமியேர்) என்பது அறிவுத்திறன் குறைபாடு உடையோர், அவர்களுடைய பெற்றோர், நண்பர்கள் ஆகியோர் ஒன்றுகூடும் பன்னாட்டுக் கிறித்தவ இயக்கம் ஆகும். மரீ எலேன் மத்தியூ, சான் வனியே ஆகிய இருவரும் 1971 ஆம் ஆண்டு பிரான்சில் இதனைத் தொடங்கினர்.

தோற்றம்

கடுமையான குறைபாடு கொண்ட இரு மகன்களை உடைய ஒரு பிரெஞ்சுத் தம்பதியர், தம் மறைமாவட்டத்தாருடன் லூர்து நகருக்குத் திருப்பயணம் செல்ல விரும்பினர். பிள்ளைகளுக்கு எதுவும் விளங்காது, பிறருக்கும் இடையூறாகும் என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. தனியே சென்றபோது, உணவை அறையிலேயே உண்ண வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. நோயாளிகளின் வருகையால் புகழ்பெற்ற திருத்தலத்தில் இவ்வாறு நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

இதனை அறிந்த மத்தியூவும் வனியேவும் இத்தகைய குடும்பங்களுக்கெனவே ஒரு திருப்பயணத்தை ஏற்பாடு செய்தனர். 1971 உயிர்த்த ஞாயிறு விழாவின்போது 15 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 12,000 பேர் லூர்தில் கூடினர். அவர்களுள் சுமார் 4,000 பேர் அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள். பயணத்திற்காக உருவான சிறு குழுக்கள் பின்னர் கலையாமல் நிலைத்தன.

அமைப்பும் நோக்கும்

ஒவ்வொரு குழுவிலும் சுமார் 30 பேர் இருப்பர். மாதந்தோறும் கூடி உரையாடி, வழிபட்டு, விழா கொண்டாடுவர். இது விடுதியோ சிறப்புப் பள்ளியோ அன்று. பிள்ளையைக் குணப்படுத்துவதாகவும் உறுதி கூறுவதில்லை.

பிள்ளையின் குறைபாட்டிற்குப் பெற்றோரின் பாவமே காரணம் என்னும் கருத்து பல சமயத்தாரிடமும் உண்டு. தமிழகத்தில் அது முற்பிறவி வினை என்றும் தெய்வக் குற்றம் என்றும் பேசப்படுவதுண்டு. பழி பெரும்பாலும் தாயின் மீதே விழும். யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில், பிறவிப் பார்வையற்றவரைக் குறித்து இதே வினா எழ, அவரோ அவருடைய பெற்றோரோ காரணமல்லர் என இயேசு விடையளிக்கிறார். இவ்வியக்கத்தின் நோக்கும் இதனோடு ஒத்தது.

இந்தியாவில்

வனியே 1964 இல் தொடங்கிய லார்ச் என்பது வேறு அமைப்பு. அதில் குறைபாடு உடையோரும் பிறரும் ஒரே இல்லத்தில் வாழ்வர். அதன் முதல் இந்திய இல்லமான ஆஷா நிகேதன், ஒசூர், மத்திகிரி பகுதிகளுக்கு அண்மையிலுள்ள பெருநகரான பெங்களூருவில் 1970 இல் தொடங்கப்பட்டது. பின்னர்ச் சென்னையிலும் ஓர் இல்லம் அமைந்தது. இவ்வில்லங்களில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் எனப் பல சமயத்தவரும் சேர்ந்து வாழ்கின்றனர்.

வனியே மீதான குற்றச்சாட்டுகள்

வனியே 2019 இல் காலமானார். ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை லார்ச் அமைப்பே 2020 இல் வெளியிட்டது. 2023 இல் வெளிவந்த விரிவான ஆய்வு, குறைந்தது 25 பெண்கள் பாதிக்கப்பட்டதாகக் கண்டறிந்தது. அவர்களுள் அறிவுத்திறன் குறைபாடு உடையவர் எவரும் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.