காரை உடைத்துத் திருடிவிட்டால்: கல்முனைக் கரையிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

கடந்த நோன்பு காலத்தில் ஓரிரவு. தராவீஹ் முடிந்து பள்ளியிலிருந்து வெளியே வந்த என் சாச்சா, காருக்குப் பக்கத்தில் கண்ணாடித் துகள்களை மிதித்தார். பின்கதவுக் கண்ணாடி இல்லை. பின் ஆசனத்தில் வைத்திருந்த கறுப்புப் பையும் இல்லை. அதில் இருந்த பணம் மூவாயிரமோ நாலாயிரமோதான். ஆனால் மறுநாள் மட்டக்களப்புக்குக் கொண்டுபோக எடுத்து வைத்த கோப்பும் அதற்குள் இருந்தது. 1990இல் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத அவருடைய நானாவின் அடையாள அட்டைப் பிரதி, அந்தக் காலத்தில் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிந்தபோது கொடுத்த துண்டு, வளவு உறுதி எல்லாம் அந்தக் கோப்பில்தான்.

கண்ணாடியை இரண்டு நாளில் மாற்றிவிட்டோம். மற்றதற்காகத்தான் இன்றும் அலைகிறோம்.

மருதமுனை முதல் பொத்துவில் வரை இந்தக் கரையில் கார் உடைப்பு பத்திரிகையில் வருகிற அளவுக்குப் பெரிய செய்தி இல்லை. பக்கக் கண்ணாடி, பற்றரி, ஆசனத்தில் விட்ட கையடக்கத் தொலைபேசி என்று சின்னச் சின்னதாகவே போகும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனமும் அதன் உதிரிப்பாகமும் தங்கம்போல விலை ஏறின. பழைய காரின் கண்ணாடிக்குக்கூட வாங்க ஆள் வந்தது அப்போதுதான்.

முதல் அரை மணி நேரம்

உடைந்த காரைக் கண்டதும் எல்லோரும் செய்வது கதவைத் திறந்து உள்ளே தேடுவது. அதைச் செய்ய வேண்டாம். முதலில் சுற்றிப் பாருங்கள். திருடன் இன்னும் பக்கத்தில் இருக்கலாம், உள்ளேயே இருக்கலாம். ஆள் இருப்பது தெரிந்தால் சத்தம் போட்டு நாலு பேரைக் கூட்டுங்கள், நீங்கள் தனியாக நெருங்காதீர்கள். கண்ணாடி உடைக்க வந்தவனின் கையில் உடைக்கிற பொருள் ஒன்று இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களை முதலில் வெளிச்சமுள்ள கடைக்கு அனுப்புங்கள்.

ஆள் இல்லை என்று உறுதியானால் 119க்கு அழையுங்கள். காரைத் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். இலக்கத் தகடு, உடைந்த இடம், உள்ளே கிடக்கும் கல் அல்லது இரும்பு, பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் படத்தில் வரட்டும். துகள்களைக் கூட்டி அள்ளிவிடாதீர்கள். கைரேகை எடுக்க வாய்ப்பிருந்தால் அது கதவுக் கைப்பிடியிலும் கண்ணாடி விளிம்பிலும்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பொலிஸார் வருவதற்கு முன்பே ஒரு மச்சான் காரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். நல்ல மனதோடு செய்த வேலை!

அதே நேரத்தில் இன்னொருவர் வங்கிக்கு அழைத்து அட்டைகளை முடக்கட்டும், சிம் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். தொலைபேசி போயிருந்தால் அதன் ஐஎம்ஈஐ இலக்கம் தேவைப்படும். திருட்டுப் போன பிறகு அந்த இலக்கத்தைத் தேடுவது சிரமம் என்பதால், இதை வாசிக்கும்போதே நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தி, வருகிற இலக்கத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பக்கத்துக் கடைகளில் சிசிடிவி கெமரா இருந்தால் அன்றே கேளுங்கள். பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து புதியவை மேலே பதியும். ‘பொலிஸ் வந்து கேட்கும்வரை அழியவிடாதீர்கள்’ என்று முதலாளியிடம் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பலர் செய்யாத ஒன்று, சுற்றுவட்டாரத்தில் தேடிப் பார்ப்பது. திருடனுக்கு வேண்டியது பணமும் விற்கக்கூடிய பொருளும். உறுதியும் மரணச் சான்றிதழும் அவனுக்குச் சுமை, சீக்கிரம் எறிந்துவிடுவான். வடிகான், மதகு, வெறும் வளவு, கடற்கரைப் பற்றை என்று விடிந்ததும் ஐந்நூறு மீற்றர் சுற்றளவில் நாலு பேர் நடந்து பார்ப்பது வீண் வேலை இல்லை. நாங்கள் போனது மூன்றாம் நாள். அதற்குள் மாநகர சபையின் குப்பை வண்டி வந்து போய்விட்டது.

முறைப்பாடு

வடக்கு கிழக்கில் நம் வயதுக்காரர் பலருக்குப் பொலிஸ் நிலையத்து வாசற்படி சாதாரண படி அல்ல. ஒரு காலத்தில் அங்கே போனவர் திரும்பி வருவாரா என்று வீட்டில் காத்திருந்தவர்கள் நாம். ‘பை போனால் போகட்டும், அங்கே போய் எதற்கு’ என்று சாச்சாவும் முதலில் சொன்னார். ஆனால் முறைப்பாட்டுப் பிரதி இல்லாமல் அடையாள அட்டையும் சாரதி அனுமதிப்பத்திரமும் மீளப் பெறுவது கடினம், காப்புறுதியும் நகராது. ஆகவே போகத்தான் வேண்டும். தனியாகப் போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

மொழி விடயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுதத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், நீங்களே உங்கள் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். எழுத முடியாது என்று நீங்கள் சொன்னால் மட்டுமே, காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் பதியலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். விளங்காத மொழியில் எழுதியதற்கு வெறுமனே கையொப்பம் வைக்காதீர்கள். வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதி இரண்டு பிரதிகளோடு போவதுதான் என் அனுபவத்தில் சுலபமான வழி.

எழுதும்போது ‘பை ஒன்று காணாமல் போனது’ என்று முடித்துவிடாதீர்கள். கண்ணாடி உடைக்கப்பட்டு உள்ளிருந்து திருடப்பட்டது என்று எழுதுங்கள். தொலைந்துபோனது வேறு, திருட்டு வேறு, விசாரணையும் வேறு. ஒவ்வொரு ஆவணத்தையும் அதன் இலக்கத்தோடு தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். எங்கள் முறைப்பாட்டில் முதலில் ‘சில ஆவணங்கள்’ என்றுதான் பதிந்திருந்தார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியவில்லை. மேலதிக வாக்குமூலம் கொடுக்க மறுபடியும் போனோம். வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேளுங்கள். அங்கும் சரிவராவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது, அவர்களின் அவசர இலக்கம் 1996. பின்னர் பொருள் பிடிபட்டால் நேராகப் பொலிஸ் நிலையத்தில் கையில் தந்துவிட மாட்டார்கள். நீதவானின் உத்தரவோடுதான் அது உரியவரிடம் போகும். அதற்கும் பற்றுச்சீட்டு, பழைய படம் போன்ற உரிமைச் சான்று கைகொடுக்கும்.

காப்புறுதியைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உடைந்த கண்ணாடிக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி இருந்தால் காரை நகர்த்துவதற்கு முன் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். காருக்குள் இருந்த பொருட்களுக்குப் பெரும்பாலும் காப்பு இருக்காது, பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். கலவரச் சேதத்துக்கான காப்பு தனியாகச் சேர்க்கப்படுவது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டபோது வாகனங்களும் சேதமாகின. அந்த ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்பதை நம் பகுதியில் இருப்பவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

போன காகிதங்களை மீட்பது

சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் கடலோடு போயின. அன்று அவற்றை மீட்ட வழிகள் இன்றும் இருக்கின்றன.

காணி உறுதி என்றால் பதறத் தேவையில்லை. நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது மூலம் உங்களிடம் வரும், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று அவரிடமே இருக்கும். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போக வேண்டும். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளையும் பிரதேச செயலகத்தில் பெறலாம். அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். அதைப் பிற்போடக் கூடாது. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்ற காலத்தை நினைப்பதால் மட்டும் சொல்லவில்லை. உங்கள் அட்டையை வேறொருவர் அடகுக்கோ சிம் பதிவுக்கோ பயன்படுத்தினால், அது திருட்டுப் போன திகதி பதிவில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மீட்க முடியாதவை வேறு. தகரப் பெட்டியில் முப்பது வருடம் காத்த கடிதம், காணாமல் போனவரின் ஒரே படம், அந்தக் காலத்து முறைப்பாட்டுத் துண்டு. இவற்றின் மூலப்பிரதியை எந்த அலுவலகத்துக்கும் காரில் கொண்டு போகாதீர்கள். முதல் நாளே படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். மூலத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் அது உங்கள் மடியில் இருக்க வேண்டும், ஆசனத்தில் அல்ல. காரின் பதிவுச் சான்றிதழையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். அதன் மூலத்தைக் காருக்குள் போட்டு வைக்கும் பழக்கம் நம்மூரில் பலருக்கு இருக்கிறது.

நிறுத்தும்போது

திருடன் காரைத் தெரிவு செய்வது உள்ளே தெரிவதைப் பார்த்துத்தான். வெறும் பையும் அவன் கண்ணுக்குப் பணப் பைதான். பொருளைப் பின்பெட்டியில் வைப்பதென்றால் புறப்படும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தில் இறங்கி, எல்லோரும் பார்க்கப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டுவது காட்டிக் கொடுக்கிற வேலை. ரிமோட்டை அழுத்தியதும் நடந்துவிடாமல் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

தொழுகை நேரம், வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கும் நேரம், மாலைக் கடற்கரை, கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம், பாண்டிருப்பு தீமிதிப்பு. இந்த நேரங்களில் கார்க்காரர் எவ்வளவு நேரம் திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் வாகனம் நிற்கும் இடத்தில் இரண்டு இளைஞர்களை முறைவைத்து நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் வரும். வங்கியில் பணம் எடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். ‘டயரில் காற்றுப் போகுது’, ‘உங்கட காசு விழுந்து கிடக்குது’ என்று யாராவது சொன்னால் இறங்குமுன் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுப் பயணியை ஏற்றி வரும் வான்காரர்கள் தேநீருக்கு நிறுத்தும்போது ஒருவரையாவது வண்டியில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, நிறுத்திய வாகனத்தில் உரியவரின் தொலைபேசி இலக்கத்தை வெளியே தெரிய வைக்கும்படி கேட்டார்கள். கேட்பாரற்று நின்ற வாகனமெல்லாம் குண்டாகத் தெரிந்த நாட்கள் அவை. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததற்குப் பிறகு இந்தப் பகுதியில் யாரும் அதை மறுக்கவில்லை. அந்த இலக்கங்கள் இன்னும் பல கார்களின் முன்கண்ணாடியில் பெயரோடு வெளுத்துப்போய் ஒட்டியிருக்கின்றன. பெயரும் இலக்கமும் தெரிந்தால் உங்களை அழைத்து அப்புறப்படுத்துவதும் ஏமாற்றுவதும் சுலபம். இலக்கம் மட்டும் போதும், பெயரைக் கிழித்துவிடுங்கள்.

பிடித்தால்

உங்கள் கண்முன்னே திருடுகிறவனைப் பிடிக்கச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது. அதே சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அது. ஆனால் பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி அடிப்பதற்கு அதில் இடமில்லை. அடித்தவர்தான் பிறகு பிணைக்கு அலைவார். பிடிபடுகிறவர்களில் பலர் ஐஸ் போதைக்கு அடிமையான நம்மூர்ப் பிள்ளைகள், யாரோ ஓர் உம்மாவின் மகன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

2011 ஓகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். கிரீஸ் மனிதன் என்ற பீதி கிழக்கு முழுவதும் பரவி, ஊர்கள் இரவெல்லாம் தடியோடு விழித்திருந்தன. அதே மாதம் புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். இன்று அந்தத் தடிக்குப் பதில் முகநூல் இருக்கிறது. தெளிவில்லாத கெமராப் படம் ஒன்றைப் போட்டு ‘இவன் அந்த ஊர்க்காரன்’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, சாய்ந்தமருது என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி நிற்கும் இடத்தில் ‘அந்த ஊர்’ என்ற சொல் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பதிவைப் பொலிஸாரிடம் கொடுங்கள், முகநூலில் போடாதீர்கள். எங்கள் கார் உடைந்த மறுநாள் என் தம்பி அப்படி ஒன்றைப் போட்டான். படத்தில் இருந்தவர் பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை செய்பவர், தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்திருக்கிறார். சாச்சாவே போய் மன்னிப்புக் கேட்டார்.

உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். செஞ்சிலுவைத் துண்டுதான் பாக்கி. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990 முதல் இந்த நாட்டில் 16,000க்கும் மேற்பட்ட காணாமல் போனோரைப் பதிந்திருக்கிறது. குடும்பத்தவர் தங்கள் பதிவைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பெயர், பிறந்த திகதி, பதிந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்ற விபரங்களை ஒரு தாளில் எழுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் இணைத்து, சாச்சா அடுத்த வாரம் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகிறார்.