கடவுளின் மணி எது?

1919-ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாராளுமன்றத்திலே கடும் வழக்கு. வழக்காடியோர் மக்களின் பிரதிநிதிகள். கூண்டிலே நிறுத்தப்பட்டதோ, சுவரிலே தொங்கும் கடிகாரம்! கோடைக் காலம் முழுதும் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முந்தைய ஆண்டு ஒரு சட்டம் வந்திருந்தது. அதை ஒழித்தாக வேண்டும் என்று முழங்கினர் பலர். பயிர்த்தொழிலுக்குக் கேடு, பால்மாட்டுக்குத் தொல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னல் என்றெல்லாம் எடுத்துரைத்தனர். அவற்றிலே நியாயம் இருந்தது, பிறகு பார்ப்போம். ஆனால் அத்தனைக்கும் மேலாக ஓர் ஆயுதத்தை எடுத்து வீசினர். பழைய மணி கடவுளின் மணி. புதிய மணி மனிதன் செய்த மணி. ஆண்டவன் வகுத்த நேரத்திலே அற்ப மனிதன் கை வைப்பதா? இதுவே அந்த ஆயுதம். பிரசங்க மேடையிலே ஒலித்தது, பத்திரிகைகளிலே ஒலித்தது, பாராளுமன்றத்திலும் ஒலித்தது.

அந்தக் கடவுளின் மணிக்கு அப்போது என்ன வயது, தெரியுமா தோழர்களே? முப்பத்தாறுகூட நிரம்பவில்லை!

பிறந்த நாளும் நமக்குத் தெரியும். 1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. பெற்றெடுத்தவர்கள் இரயில்வே கம்பெனியார். அதற்கு முன்பு அமெரிக்காவிலே ஊருக்கொரு மணி. எந்த ஊரிலே சூரியன் உச்சிக்கு வருகிறதோ, அந்த ஊருக்கு அப்போது பன்னிரண்டு. கிழக்கே இருக்கும் ஊருக்கு முன்னாலே நண்பகல், மேற்கே இருக்கும் ஊருக்குப் பின்னாலே நண்பகல். நடந்தும் குதிரை வண்டியிலும் போன காலத்திலே இந்த வேறுபாடு யாரையும் உறுத்தவில்லை. இரயில் வந்தது, உறுத்திற்று. ஏறத்தாழ ஐம்பது வகையான நேரங்களை வைத்துக்கொண்டு வண்டிகள் ஓடின. ஒரே தண்டவாளத்திலே எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு மணி வேறுபட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் கூடின, அமெரிக்காவையும் கனடாவையும் நீளவாக்கிலே வகிர்ந்து, வகிருக்கு ஒரு மணி என்று வைத்தன. அரசாங்கம் ஆணையிடவில்லை, மக்களிடம் வாக்குக் கேட்கவுமில்லை. குறித்த ஞாயிறன்று, ஒவ்வொரு வகிரின் கிழக்குப் பாதியிலும் இருந்த ஊர்களிலே ஒருமுறை பன்னிரண்டு அடித்த கடிகாரங்களைப் பின்னே திருப்பி வைத்து, மீண்டும் பன்னிரண்டு அடிக்கச் செய்தனர். இரண்டு நண்பகல் கண்ட நாள் என்று அந்நாளுக்குப் பெயரே உண்டு.

அன்றும் எதிர்ப்பு எழாமலில்லை. மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரின் மேயர், இந்தப் புதிய மணியை ஏற்க மறுத்தார். அன்றைய எதிர்ப்பாளர் சொன்னது என்ன? சூரியன் காட்டும் மணிதான் கடவுளின் மணி. இரயில்வேக்காரன் மணி மனிதனின் ஆணவம்!

பாருங்கள் விந்தையை! 1883-இல் மனிதனின் ஆணவமாக இருந்த அதே இரயில் மணி, 1919-இல் கடவுளின் மணியாகிக் கருவறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இடையிலே எந்த மலையும் வெடிக்கவில்லை. எந்தத் தீர்க்கதரிசியும் தோன்றவில்லை. ஒரு தலைமுறை கழிந்தது, அவ்வளவே. பாட்டனுக்குப் புதுமையாக இருந்தது பேரனுக்குப் புனிதமாயிற்று.

இதைவிட விந்தை ஒன்றுண்டு. இரயில்வேயின் மணி வகிர்களுக்கு அமெரிக்காவிலே சட்டத்தின் முத்திரை கிடைத்தது எப்போது? 1918 மார்ச் 19. கோடையில் முள்ளைத் தள்ளச் சொன்னது எந்தச் சட்டம்? அதே நாள், அதே சட்டம்! ஒரு பிரிவு வகிர்களை உறுதி செய்தது. இன்னொரு பிரிவு முள்ளைத் தள்ளியது. 1919-இல் இரண்டாம் பிரிவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய பிரிவுக்குக் கடவுளின் பெயரைச் சூட்டினார்கள். ஒரு தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளிலே ஒன்று தேவன், மற்றொன்று அசுரன் என்ற கதைதான்!

இந்தக் கோடை மணியின் கதையை இனி அடியிலிருந்து பார்ப்போம்.

பெஞ்சமின் பிராங்ளினே இதைக் கண்டுபிடித்தவர் என்று பல ஏடுகள் எழுதுகின்றன. தவறு. 1784-இல் பாரிசு நகரிலே இருந்தபோது, அந்நகரத்து ஏடொன்றுக்கு அவர் எழுதியது ஒரு நையாண்டிக் கடிதம். ஓர் இலட்சம் குடும்பங்கள், 183 இரவுகள், இரவுக்கு ஏழு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, விடியலிலே எழுந்தால் எவ்வளவு மெழுகுவத்தி மிஞ்சும் என்று காட்டினார். எழ மறுப்போரைப் பீரங்கி வெடித்து எழுப்பலாம் என்றார். சன்னல் அடைப்புக்கு வரி போடலாம் என்றார். கடிகாரத்தைத் தொடவே இல்லை.

தொட்டவர் சியார்ச் வெர்னான் அட்சன். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலே அஞ்சல் நிலைய ஊழியர். பூச்சிகளை ஆராய்வதிலே பெருவிருப்பம் கொண்டவர். வேலை முடிந்து வெளியே வந்தால் வெளிச்சம் போய்விடுகிறது. பூச்சியை எங்கே தேடுவது? கோடையில் முள்ளை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளலாம் என்று 1895-இல் அந்நகரத்து அறிவியல் கழகத்தின்முன் கட்டுரை படித்தார். நாள் முழுதும் ஊழியம் பார்க்கும் ஒருவன், மாலையிலாவது கொஞ்சம் பகல் தனக்கு வேண்டும் என்று கேட்ட கேள்வி அது. நகைத்தனர், விட்டுவிட்டனர்.

இங்கிலாந்திலே இதே எண்ணம் வேறொருவருக்கு வந்தது. வில்லியம் வில்லட், வீடு கட்டி விற்பவர், செல்வர். கென்ட் பகுதியிலே சிசில்கர்சுட்டில் வாழ்ந்தவர். அதிகாலையில் குதிரை ஏறிப் பெட்சு உட் காட்டுவழியே போகும்போது பார்க்கிறார்: கதிரவன் ஏறி வெகுநேரம் ஆகியும் வீடுகளின் சன்னல்திரைகள் மூடியே கிடக்கின்றன. 1907-இல் சொந்தச் செலவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளிலும் இருபது இருபது நிமிடமாக, மொத்தம் 80 நிமிடம் முன்னே தள்ளுவது. செப்டம்பரில் அதே முறையில் பின்னே இழுப்பது. விளக்குச் செலவிலே ஆண்டுக்கு 25 இலட்சம் பவுனுக்கு மேல் மிச்சம். இதுவே அவர் திட்டம். 1908-இல் இராபர்ட் பியர்சு என்ற உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். வின்சுடன் சர்ச்சில் ஆதரித்தார். வானியலாரிலே பலர் எதிர்த்தனர். நாடகக் கொட்டகைக்காரர்கள், உழவர்கள் எதிர்த்தனர். மசோதா வீழ்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் வீழ்ந்தது.

முன்னதாக எழ விரும்புகிறவன் எழுந்து போகட்டுமே, அதற்குக் கடிகாரத்தைப் பொய் சொல்ல வைப்பானேன் என்று அறிஞர் சிலர் கேலி பேசினர். கேட்பதற்குக் கூர்மையான கேள்வி. ஆனால் குதிரை வைத்திருப்பவன் எழலாம். ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவன் என்ன செய்வான்? நான் ஆசிரியன், எனக்கு இது எளிதில் விளங்குகிறது. நான் ஒருவன் மட்டும் ஒரு மணி முன்னதாகப் பள்ளிக்குப் போனால், பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தலைமையாசிரியர், மாணவர், பேருந்து, உணவுக்கடை அத்தனையும் ஒருசேர நகர்ந்தாலன்றி ஒருவனுடைய விடியல் அவனுக்குப் பயன்படாது. பொது வாழ்வு ஓர் உடன்படிக்கை. கடிகாரம் அந்த உடன்படிக்கையின் முகம். வில்லட் இதை உணர்ந்திருந்தார். கேலி பேசியவர்கள் உணரவில்லை.

பாடுபட்ட வில்லட் பலனைக் காணவில்லை. 1915 மார்ச்சில் மறைந்தார். அடுத்த ஆண்டே போர் அவருடைய திட்டத்தைத் தூக்கிப் பிடித்தது. நிலக்கரி ஒவ்வொரு கூடையும் போர்ப்பொருளாயிற்று. 1916 ஏப்ரல் 30 இரவு பதினொரு மணிக்கு, செர்மனியும் ஆசுத்திரியா-அங்கேரியும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளின. ஆங்கிலேயன் எட்டு ஆண்டுகளாக எள்ளி நகையாடிய ஆங்கிலேயரின் யோசனையை, எதிரி எடுத்துக்கொண்டான்! மே 17-இல் இங்கிலாந்திலே சட்டம் ஆயிற்று. மே 21-இல் முள் நகர்ந்தது. பெட்சு உட்டிலே வில்லட்டுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அது ஒரு சூரியக் கடிகாரம்; காட்டுவது கோடை மணி.

அந்நாடுகளுக்கு இந்த ஆசை ஏன் வந்தது, நமக்கு ஏன் வரவில்லை? விடை நிலநூலில் இருக்கிறது. இலண்டனிலே சூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். திசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் கீழ். பழைய மணிக்கணக்கில் கோடைக் கதிரவன் அங்கே நாலு மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறான், ஊர் உறங்குகிறது. சென்னையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. தள்ளுவதற்கு மிச்சப் பகல் இல்லை.

ஆயினும் தள்ளினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அதற்கு முன் 1906 சனவரி முதல் நாளன்றும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இரயில்வே அதுவரை கையாண்டது சென்னை வானாய்வுக்கூடத்தின் மணி; அதைவிட ஒன்பது நிமிடம் முந்திய இந்தியப் பொது மணி அன்று வந்தது. பம்பாயின் சொந்த மணியோ இதற்கு 39 நிமிடம் பின்தங்கியது. பம்பாயிலே பஞ்சாலைத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மணி மாறினால் முதலாளியின் சங்கு 39 நிமிடம் முன்னதாக ஊதும் என்பது அவர்களுக்குத் தெரியும். பல பத்தாண்டுகள் வரை அந்நகரம் தன் மணியை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் வீட்டு நாட்காட்டியிலே திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று அச்சிட்டிருக்கிறதே, எந்த ஏழரை? சென்னை மணியின் ஏழரையா, 1906-க்குப் பின் வந்த ஏழரையா, போர்க்காலத்து ஏழரையா? வெள்ளைக்கார அதிகாரி முள்ளைத் தள்ளியபோது இராகுவும் கூடவே நகர்ந்தானா, அல்லது பழைய இடத்திலேயே நின்றுகொண்டானா?

அமெரிக்க உழவர்களிடம் திரும்புவோம். கோடை மணி உழவருக்காகவே வந்தது என்று இன்றும் பலர் நம்புகின்றனர். உண்மை நேர்மாறு. பனி உலர்ந்த பிறகே வைக்கோற்புல்லைச் சேர்க்க முடியும். பனி கடிகாரத்தைப் பார்த்து உலர்வதில்லை. கூலியாளோ கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்குப் போகிறான். காலையிலே வேலையின்றிக் காத்திருந்து, மாலையிலே வெயில் இருக்கும்போதே ஆளின்றி நிற்க வேண்டியதாயிற்று. பால் ஏற்றும் இரயில் ஒரு மணி முன்னதாகப் புறப்பட்டது. இருட்டிலே மாட்டை எழுப்பிக் கறக்க வேண்டியிருந்தது. இந்த நேர்மையான குறையைச் சொன்னாலே போதுமே! கடவுளைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குடியரசுத் தலைவர் வில்சன் இருமுறை கையொப்பமிட மறுத்துத் திருப்பி அனுப்பினார். 1919 ஆகசுட்டில் பாராளுமன்றம் அவர் மறுப்பையும் மீறிச் சட்டத்தை ஒழித்தது.

ஒழிந்ததா? நியூயார்க்கு போன்ற நகரங்கள் தாமாகவே கோடை மணியை வைத்துக்கொண்டன. இரண்டாம் போரின்போது நாடு முழுதும் ஆண்டு முழுதும் அது நடப்பிலிருந்தது. 1945-இல் போர் முடிந்ததும் மறுபடி ஊருக்கொரு நியாயம். 1965-இல் மினியாபோலிசும் செயின்ட் பாலும், ஓர் ஆறு மட்டுமே பிரிக்கும் அந்த இரட்டை நகரங்கள், சில நாட்கள் வெவ்வேறு மணியிலே வாழ்ந்தன. மேற்கு வர்சீனியாவின் மவுண்ட்சுவில்லில் பேருந்து ஏறி, 35 மைல் தொலைவிலுள்ள ஒகையோவின் இசுடூபன்வில் போய்ச் சேர்வதற்குள் ஏழுமுறை கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருந்தது! 1966-இல் வந்த சட்டமே இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டியது.

இதற்குள் ஆதரிப்போரும் மாறிவிட்டனர். மெழுகுவத்தியும் நிலக்கரியும் போய், கடைக்காரர்களும் கோல்ஃப் ஆட்டக் கழகத்தாரும் முன்னணிக்கு வந்தனர். மாலையிலே வெளிச்சம் இருந்தால் மக்கள் வெளியே வருவர், வந்தால் செலவிடுவர். 1986-இலும் 2005-இலும் கோடை மணியின் காலம் நீட்டப்பட்டதிலே இவர்களின் பங்கு சிறிதல்ல. மிச்சம் என்ன ஆயிற்று? 2007-இல் நடப்புக்கு வந்த நீட்டிப்பை அமெரிக்க ஆற்றல் துறை அளந்து பார்த்து, 2008-இல் கணக்கு வெளியிட்டது: நீட்டிய நாட்களிலே மின்சார மிச்சம் நாளொன்றுக்கு நூற்றுக்கு அரைப் பங்கு. இந்தியானா மாநிலம் முழுதும் 2006-இல் கோடை மணிக்கு மாறியபோது ஆராய்ந்தவர்களோ, வீடுகளில் மின்செலவு நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் கூடவே செய்தது என்றனர். விளக்கு மிச்சப்பட்டது, குளிரூட்டும் பொறி அதை விழுங்கிவிட்டது.

மாற்றுவதுதானே தொல்லை, கோடை மணியையே நிரந்தரமாக்கினால் என்ன? அதையும் செய்து பார்த்தனர். பிரிட்டன் 1968 முதல் 1971 வரை அப்படி வாழ்ந்தது. இசுகாத்லாந்திலே குளிர்காலக் காலைகள் வெகுநேரம் இருண்டு கிடந்தன. 1970 திசம்பரில் பாராளுமன்றம் 366-க்கு 81 என்ற வாக்கில் கைவிட்டது. அமெரிக்கா 1974 சனவரியில் தொடங்கி, பிள்ளைகள் இருட்டிலே பள்ளிக்குப் போவதைக் கண்டு பெற்றோர் பதறவே, அவ்வாண்டு அக்டோபருக்குள் பின்வாங்கியது. உருசியா 2011-இல் நிரந்தரக் கோடை மணிக்குப் போய், 2014-இல் நிரந்தரக் குளிர்கால மணிக்குத் திரும்பியது. எங்கும் யாரும் இடி விழுந்து இறக்கவில்லை. செய்து பார்த்தனர், சரிப்படவில்லை, மாற்றிக்கொண்டனர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் மக்களிடம் கருத்துக் கேட்டது. 46 இலட்சம் பேர் விடை எழுதினர். நூற்றுக்கு 84 பேர் இந்த மாற்றமே வேண்டாம் என்றனர். 2019 மார்ச்சில் அதன் பாராளுமன்றம் 410-க்கு 192 என்ற வாக்கில், 2021-உடன் நிறுத்திவிடலாம் என்று தீர்மானித்தது. நிறுத்தினால் எந்த மணியிலே நிறுத்துவது, கோடை மணியிலா குளிர்கால மணியிலா என்று உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. 2021 வந்தது, மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறும் வந்தது, ஐரோப்பாவின் முட்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்தன.