எந்த மொழி நமக்கு? – கரிசல் பள்ளிக்கூடமும் அயல்மொழிக் கல்வியும்



அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவுக்கு மொழிக் கல்வியைப் பொருளாக எடுத்துக்கொண்டதும், நிலம், கூலி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்க, பிரெஞ்சும் ஜெர்மனும் நமக்கு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் எந்த மொழியைப் படிக்கலாம், எதன் பக்கம் போகக்கூடாது என்பதை இந்த நாட்டில் நெடுங்காலம் சாதி தீர்மானித்திருக்கிறது. இன்று அதே வேலையைச் சாதியோடு சேர்ந்து பணமும் செய்கிறது. இந்தக் கதையை அம்பேத்கரின் வகுப்பறையிலிருந்து தொடங்கி நம் கோவில்பட்டி வட்டாரம்வரை கொண்டுவந்து பார்ப்போம்.

பாரசீகம் படித்த மாணவர்

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசுப் பள்ளி. அங்கே ஆங்கிலத்தோடு இரண்டாம் மொழி ஒன்றும் படிக்க வேண்டும். மாணவர் பீமராவ் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத சாதிப் பிள்ளைக்கு அந்த மொழியைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பாரசீகத்தை எடுத்துக்கொண்டு 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். உள்நாட்டு மொழி என்று சொல்லப்பட்டதன் கதவு அடைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வந்த மொழிதான் அவரை உள்ளே விட்டது.

1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் பொருளாதாரம், சமூகவியல், வரலாறு ஆகியவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் பாடங்களையும் எடுத்துப் படித்தார். பின்னர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் படிக்கவும் முயன்றார். அவருக்கு மொழி என்பது ஆராய்ச்சிக்கான கருவி.

1946-இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலை வெளியிட்டபோது, சமஸ்கிருதத்தில் புலமை இல்லாதவர் வேதங்களைப் பற்றி எழுதலாமா என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். முன்னுரையிலேயே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்: இந்த இலக்கியங்களைப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது போதும் என்கிறார். பள்ளியில் மறுக்கப்பட்ட மொழியில் இருந்த நூல்களுக்குள் அயல்மொழி வழியாக நுழைந்து, அந்த நூல்களையே குறுக்கு விசாரணை செய்தார். அயல்மொழிக் கல்வி என்றதும் வெளிநாடு போவதை மட்டும் நினைக்கிறோம். நம் சொந்த ஊரின் பூட்டிய அறைகளைத் திறக்கவும் அது தேவைப்பட்டிருக்கிறது.

காமநாயக்கன்பட்டிக்கு வந்த மாணவர்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டி, மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று அழைப்பவர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து தம் முதல் ஆண்டுகளில் இங்கே பணியாற்றினார். நம் கரிசலில் அயல்மொழி ஒன்றை முறையாகக் கற்றவர்களின் வரலாற்றை எழுதினால் முதல் வரிசையில் அவரை வைக்க வேண்டும். அவருக்கு அயல்மொழி தமிழ்.

செந்தமிழுக்கு மட்டும் அவர் இலக்கணம் எழுதவில்லை. மக்கள் பேசும் தமிழை, ‘கொடுந்தமிழ்’ என்று பெயரிட்டு, அதற்கும் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். 1732-இல் சதுரகராதியை முடித்தார். செந்தமிழைப் புலவர்களிடம் கற்றிருப்பார். பேச்சுத்தமிழ் யார் வாயிலிருந்து அவர் காதுக்குப் போயிருக்கும்? பருத்திக் காட்டிலும் கம்பங்கொல்லையிலும் வேலை செய்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சேரியிலிருந்து ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் பேசிய பேச்சும் அதில் இருந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. கற்றவரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. பேசிக் காட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இதை அவர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறோம். நம் மொழியைக் கற்க வந்தவருக்குப் பின்னால் மடமும் நூலகமும் நேரமும் இருந்தன. அவருடைய மொழியைக் கற்க நினைத்தால் நம் பாட்டன் பூட்டனுக்கு என்ன இருந்தது? மொழி கற்பதற்கு அறிவு மட்டும் போதாது. வேலையிலிருந்து விடுபட்ட பொழுதும் வேண்டும்.

ஆங்கிலம் யாரிடம் வந்தது

1835-இல் மெக்காலேயின் குறிப்பு. 1844-இல் அரசு வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று ஹார்டிஞ்சின் அறிவிப்பு. 1854-இல் உட் அறிக்கை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். இப்படி ஆங்கிலம் உத்தியோகத்தின் மொழியாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் நகரங்களில் இருந்தன. அங்கே பிள்ளையை அனுப்ப வசதி உள்ள வீடுகளுக்கே அது முதலில் போய்ச் சேர்ந்தது.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியை அவர் தந்தை ஆங்கிலம் படிக்கத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் படிப்பு தமக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்று பின்னாளில் பாரதி கசந்து எழுதினார். அந்தக் கசப்பில் நாட்டுப்பற்றின் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலக் கல்வி தீமை என்று சலித்துக்கொள்ள, முதலில் அது கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதே எட்டயபுரம் ஜமீனின் கரிசல் காடுகளில் உழைத்த சேரி வீடுகளில் அப்படிச் சலித்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

சென்னை மாகாணத்தில் ‘பஞ்சமர்’ கல்விக்கென்று அரசு தனி ஆணை போட்டது 1893-இல். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் தம் முதல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகள் முன்பே இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை ஆரம்பப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளிவரை போய் ஆங்கிலத்தைக் கைவசப்படுத்தியவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தமிழில் நடத்திக்கொண்டே, ஐ.சி.எஸ். தேர்வு தொடர்பாக இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1925-இல் ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். ஊருக்குள் காது கொடுக்காதவர்களைத் தாண்டி, அதிகாரம் இருந்த இடத்தில் போய்ப் பேச ஆங்கிலம் அவர்களுக்குப் பயன்பட்டது. அயோத்திதாசர் போன்றோர் தமிழை ஆயுதமாக்கினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நம் மரபு. தமிழா ஆங்கிலமா என்று ஒன்றை எதிர்த்து ஒன்றை நிறுத்தும் பட்டிமன்றத்தில் நமக்கு வேலை இல்லை.

நடராசனின் மறியல்

1938-இல் ராஜாஜி அரசு மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியது. பள்ளி வாசலில் மறியல் செய்து சிறை போனவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த நடராசன், ஒரு தலித் இளைஞர். சிறைக்கைதியாக இருந்தபோதே நோயுற்று 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மார்ச்சில் தாளமுத்து இறந்தார். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி விலக்கப்பட்டது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது.

உயர்நிலைப் பள்ளியின் பாடத்திட்டம் பற்றிய போராட்டத்தில் முதல் உயிர் ஒரு சேரி வீட்டிலிருந்து போயிருக்கிறது. அவரைப் போன்றவர்களின் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த 125 பள்ளிகளில் படித்திருப்பார்கள்? மொழிப்போர் மேடைகளில் நடராசன் பெயரைச் சொல்பவர்கள், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியும் அந்த இரு மொழிகளும் முழுதாகக் கிடைத்தனவா என்றும் கேட்க வேண்டும்.

நம் வகுப்பறையில்

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இருக்கும் அயல்மொழி ஆங்கிலம் ஒன்றுதான். பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழாத ஊரில் அது அயல்மொழியாகத்தான் இருக்கும். அதை அயல்மொழிபோல் கற்பித்தால் கேட்டல், பேச்சு, வாசிப்பு, பிறகு எழுத்து என்று போக வேண்டும். எங்களில் பலர் படித்த முறை வேறு. பாடத்தை ஆசிரியர் தமிழில் சொல்வார், கேள்விக்குப் பதில் கைடில் இருக்கும், மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்க வேண்டும், 35 மதிப்பெண்ணைத் தொட்டால் தப்பித்தோம். பத்தாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளை தன் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லக் கூசி நின்றது. இதைப் பிள்ளையின் குறையாகச் சொல்வது அநியாயம்.

இதற்கும் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஊர்களில் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை, அதிலும் பெண்பிள்ளைகளை, இழுத்துக்கொண்டது. விடியுமுன்னே வண்டி வந்து ஏற்றிப் போகும். கட்டை அடுக்கினால் கூலி, பெட்டி ஒட்டினால் கூலி. 1986-இல் சட்டம் வந்தது, 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. இன்று நம் பிள்ளைகள் பலர் வீட்டில் முதலில் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள்.

இதே காலத்தில் தமிழ்நாட்டின் வசதியான தனியார் பள்ளிகளில் இன்னொன்று நடந்தது. தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தார்கள். அந்த மொழிமீது வந்த காதல் என்று சொல்வதற்கில்லை. அதில் மதிப்பெண் எளிதாக வரும் என்பது கணக்கு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதை வரவேற்கிறோம். மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு, ஜெர்மன், அரபி போன்றவற்றை எடுக்கப் பாடத்திட்டத்தில் இடமிருந்தது. ஆனால் கரிசல் கிராமத்து அரசுப் பள்ளியில் அதைக் கற்பிக்க யார் இருந்தார்கள்? விதியில் உள்ள உரிமை வகுப்பறையில் ஆசிரியராக வந்து நிற்காவிட்டால் அது பணம் உள்ளவர்களுக்கான உரிமையாகவே இருக்கும்.

மேலிருந்து வரும் திட்டங்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். 2014 நவம்பரில் மத்திய அரசு, கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனைக் கல்வியாண்டின் நடுவே நீக்கிச் சமஸ்கிருதத்தை வைத்தது. ஒரு காலத்தில் கேட்டவருக்கு மறுக்கப்பட்ட மொழி, இப்போது கேட்காதவர்களுக்கு ஊட்டப்பட்டது. இரண்டிலும் மாணவரின் விருப்பத்துக்கு இடமில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்நிலையில் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்ய மொழிகளைக் கற்கலாம் என்று பட்டியல் போடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே கொள்கை, மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம் ஓர் இடத்தைப் பிடித்தால் மீதி இரண்டும் இந்திய மொழிகளுக்கே. பிரெஞ்சுக்கும் ஜப்பானியத்துக்கும் அந்த மூன்றில் இடம் ஏது? நான்காவதாகக் கற்பிக்கும் வசதி எந்தப் பள்ளிக்கு இருக்கும்? நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு இருக்காது.

நாம் கேட்பது

சாதி கடல் கடந்து போகிறது. அதை எதிர்க்கும் குரலும் கடல் கடக்க வேண்டும். 2001-இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்கு வந்த தலித் செயற்பாட்டாளர்கள் சாதியை உலகின் முன் வைத்தார்கள். பாமாவின் ‘கருக்கு’ 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் கரிசலின் பூமணி எழுதிய ‘வெக்கை’ 2019-இல் என். கல்யாண்ராமன் வழியாகப் போனது. மொழிபெயர்த்தவர்களுக்கு நன்றி. சேரிப் பேச்சையும் அயல்மொழியையும் ஒருங்கே அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் நம் ஊரிலிருந்தும் வர வேண்டும். அது பள்ளியில் தொடங்கும் வேலை.

மேல்படிப்பும் அப்படித்தான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பல இளநிலைப் படிப்புகளுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. 2022-இல் அதிலும் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று விதியை மாற்றினார்கள். அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்த சாதி பற்றிய கட்டுரைக்கு இன்றைய விதிப்படி உதவித்தொகை கிடைக்காது. இந்த விதியை எதிர்த்துக்கொண்டேதான் கதவைத் தட்டவும் வேண்டியிருக்கிறது.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர், வாசிக்க நூலகம், பேசிப் பழக நேரம். இரண்டு, கோவில்பட்டி போன்ற ஊர்களில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் போன்ற மொழிகளில் ஒன்றைக் கட்டணமின்றிக் கற்பிக்கும் பொது மையம். அது தமிழின் இடத்தைப் பிடிக்கக்கூடாது, விரும்பியவர் மட்டும் சேர வேண்டும். வண்டியில்லாத கிராமத்துப் பிள்ளைக்குப் போக்குவரத்தும் சேர்த்துத் தர வேண்டும். மூன்று, அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையோடு மொழித் தேர்வுக்கான பயிற்சியும் கட்டணமும்.

அரசு செய்யும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. படித்து வேலைக்குப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைச் சொந்த ஊருக்குக் கொடுக்கலாம். நம் தெருக்களில் அம்பேத்கர் பெயரில் இருக்கும் படிப்பகங்களில் ஆங்கில வாசிப்பு வட்டம் நடத்தலாம். இந்த அரங்கில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் எந்த ஊரில், எந்த நாளில் தொடங்குவது என்பதை இன்று கூட்டம் முடிவதற்குள் பேசி எழுதிக் கொடுங்கள். மன்றம் உங்களோடு நிற்கும்.

ஜெய்பீம்.