காட்டர் பின் எழுப்பிய ஓசை: பாலக்காட்டுச் சமவெளியும் இடுக்கி மலையும் சொல்லும் கிராங்கின் வரலாறு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இடையே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. எனினும் இரண்டும் கிழக்கே தமிழகத்தோடு எல்லையைப் பகிர்ந்துகொள்பவை. இரண்டிலும் எல்லையோரத்துக் கடைத்தெருக்களில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகியவை ஒருபுறம்; மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை மறுபுறம். மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இவ்விரு நிலங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். முன்னது மிதிவண்டியின் நாடு. பின்னது நெடுங்காலம் மிதிவண்டியை ஏற்காத நாடு. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, பெடலையும் அச்சையும் இணைக்கும் ஒரு சாண் நீள உலோகக் கையில் அடங்கியிருக்கிறது. அதற்குக் கடைத்தெருவில் கிராங்க் என்று பெயர்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரமே. பொள்ளாச்சியிலிருந்து பாரதப்புழையின் கரை வரை, எதிர்க்காற்று ஒன்றைத் தவிர, மிதிப்பவரை வருத்துவது குறைவு. பால் கேனும் வாழைத்தாரும் தேங்காய் மூட்டையும் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே சைக்கிள் கேரியரில்தான் பயணம் செய்தன. இடுக்கியின் நிலை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பின்னர் அங்கே எழுந்த தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் கால்நடையாகவே ஏறினர். சரக்குக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், பின்னர் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும், டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி வரை கம்பிவடமும் வந்தன. ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. இத்தனை வாகனங்களின் வரிசையில் மிதிவண்டிக்கு இடமில்லை.

ஏன் இல்லை என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்கலாம். சாதாரண இந்தியச் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல், சக்கரம் 28 அங்குலம் என்று கொள்வோம். கிராங்க் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். ஆளும் வண்டியும் சேர்ந்து எண்பது கிலோ. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலை. இந்த ஏற்றத்தில் பெடலின் மேல் சராசரியாகச் சுமார் 25 கிலோ எடைக்கு நிகரான விசை தேவைப்படுகிறது. ஆனால் மனிதக் கால் சீராக மிதிப்பதில்லை; கிராங்க் படுக்கைவாக்கில் வரும் நேரத்தில்தான் விசை உச்சம் தொடும். அந்த உச்சம் சராசரியைப்போல் இரு மடங்கு, அதாவது ஐம்பது கிலோ. ஒல்லியான ஒரு தொழிலாளியின் முழு உடல் எடையும் அவ்வளவுதான். வளைவுகளில் சாலை இன்னும் செங்குத்தாகும்போது உடல் எடையும் போதாமல் போகிறது. இறங்கித் தள்ளுவதே வழி. மலை சைக்கிளை மறுத்தது கால்வலிமைக் குறைவால் அன்று, பல்லின் எண்ணிக்கையால்.

கிராங்கும் பற்சக்கரமும் எப்போதும் இவ்வாறு பிணைந்திருக்கவில்லை. 1866இல் பியேர் லல்லமான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வண்டியில் கிராங்க் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று, அவ்வளவே. அதன் வேகத்தைக் கூட்டச் சக்கரத்தைப் பெரிதாக்கியதன் விளைவுதான் ஆளுயரச் சக்கரம் கொண்ட பழைய வண்டி. 1885இல் காவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிள், கிராங்கைச் சக்கரத்திலிருந்து பிரித்துச் சட்டத்தின் நடுவே வைத்துச் சங்கிலியால் இணைத்தது. அன்றே புதிய கேள்வி ஒன்று பிறந்தது. உருண்டையான அச்சின் இரு முனைகளிலும் இரண்டு கைகளை எவ்வாறு பூட்டுவது? சறுக்காமலும் இருக்க வேண்டும். வேண்டும்போது கழற்றவும் முடிய வேண்டும். அன்று முதலான கிராங்க் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரிசையே.

நம்மூர் அறிந்த விடை காட்டர் பின். ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறிய இரும்பு முளை. ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அச்சில் வெட்டப்பட்ட தட்டைப் பகுதியில் அந்தச் சரிவு ஆப்புப்போல் இறுகும். மறுமுனையில் உள்ள நட்டு பின்னைப் பிடித்து வைக்கவே. அதை முறுக்கிப் பின்னை இழுக்க முயல்பவர் மரையைக் கெடுத்துக்கொள்வார். இறுக்கம் வருவது சுத்தியலால். தேர்ந்த மிஸ்திரி அடிப்பதற்கு முன்னர்க் கிராங்கின் கீழே கனத்த இரும்பு ஒன்றை முட்டுக் கொடுப்பார். இல்லையேல் அடி முழுவதும் அச்சு வழியே சென்று கப்பில் உள்ள பால்ஸ்களைத் தாக்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரே திசையில் நுழைத்தால் இரு கிராங்குகளும் ஒரே கோட்டில் நிற்கா. புதுப் பின் சரியாக அமரவில்லை என்றால் அரத்தால் இரண்டு இழுப்பு. இவ்வளவுதான் கருவி: சுத்தியல், அரம், ஒரு ஸ்பேனர்.

இந்த முளை பெரும்பாலும் மென்மையான எஃகினால் ஆனது. பொறியியல் நூல்கள் இதை ஒரு குறையாகவே குறிப்பிடும். ஆனால் அந்த மென்மையில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. பாரம் கூடும்போது நசுங்குவது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பின். அச்சும் கிராங்கும் தப்பித்துக்கொள்கின்றன. அதுவும் ஒரே நொடியில் நிகழ்வதில்லை. முதலில் ஒவ்வொரு சுற்றிலும் காலுக்கு அடியில் ஒரு சிறு வெட்டு உணரப்படும். பிறகு ‘டக், டக்’ என்ற ஓசை. அந்த ஓசையுடன் வண்டி பல நாள் ஓடும். ஓட்டுபவர் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் கடையில் நிறுத்தினால் போதும். கெடப்போவதை முன்கூட்டியே உரக்கச் சொல்லும் பொறி அது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியத் தொழில் இந்த அமைப்பையே நிலைநிறுத்தியது. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து சென்னைக்கு அருகே தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பியது. 1951இல் சோனேபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. வண்டியின் பெயர் எதுவாயினும் காட்டர் முறை ஒன்றே. லூதியானாவின் சிறு பட்டறைகளில் உருவான பின் கொல்லங்கோட்டிலும் கிடைக்கும், கம்பத்திலும் கிடைக்கும். உதிரிப்பாகத்தின் இந்தப் பரவல்தான் உண்மையான நம்பகத்தன்மையாக இருந்தது என்று கூறினால் மிகையாகாது.

அதற்காக அதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. கனம் மிகுதி. மட்டமான இரும்பில் வந்த பின்கள் மாதம் ஒருமுறை நசுங்கும். இடவப்பாதி மழையில் நனைந்து துருப்பிடித்த பின்னைக் கழற்றத் துளையிட நேர்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மலை ஏறவில்லை.

மலை ஏறிய சைக்கிள் வேறொரு மலையில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால் அது இறங்குவதற்காகப் பிறந்தது. கலிபோர்னியாவின் மலைச்சரிவு ஒன்றில் 1976 அக்டோபரில் சில இளைஞர் பழைய ஷ்வின் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு இறக்கப் பந்தயம் தொடங்கினர. இறங்கி முடிக்கும்போது பின்சக்கரத்துப் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அந்தப் பழைய வண்டிகளில் இரு கிராங்கும் அச்சும் ஒரே இரும்புத் தண்டை வளைத்துச் செய்யப்பட்டவை. பூட்டே இல்லாததால் கழலும் பேச்சே இல்லை. ஆனால் மீண்டும் மேலே ஏறத் தள்ளித்தான் போக வேண்டும். அந்தத் தொல்லை தீர, முன்னே மூன்று பற்சக்கரங்கள் தேவைப்பட்டன. அவற்றை ஏந்திய அலுமினியக் கிராங்குகள் ஏற்கெனவே பிரான்சின் நெடுந்தூரச் சுற்றுலாச் சைக்கிள்களில் இருந்தன. காட்டர் பின் இல்லாமல், சதுரக் கூம்பு வடிவ அச்சுமுனையில் அலுமினியக் கையை அழுத்திப் பொருத்தும் முறையை ஸ்ட்ராங்லைட் நிறுவனம் 1933இலேயே கொண்டுவந்திருந்தது. 1981இல் சந்தைக்கு வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் பிரெஞ்சு டி.ஏ. கிராங்கோடுதான் விற்பனைக்கு வந்தது; மறு ஆண்டே ஜப்பானின் ஷிமானோ மலைச் சைக்கிளுக்கென டியோர் எக்ஸ்.டி. வரிசையை வெளியிட்டது.

முன்னே 22 பல், பின்னே 34 பல். அதே கணக்கை மீண்டும் போட்டால், ஒரு சுற்றுக்கு வண்டி 1.3 மீட்டரே நகர்கிறது. போடிமெட்டு ஏற்றத்தில் பெடலுக்கு வேண்டிய சராசரி விசை ஆறு கிலோவுக்குள் அடங்கிவிடும். தள்ள வேண்டிய மலை மிதிக்கத்தக்க மலையாயிற்று. ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு கூடியது. இறக்கத்திலோ ஓட்டுபவர் இரு பெடல்களிலும் நின்றபடி கல்லிலும் வேரிலும் குதிக்கிறார். உடல் எடை பல மடங்காகிக் கிராங்கின் மேல் இறங்குகிறது.

இங்கேதான் உலோகத்தின் இயல்பு குறுக்கே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணமின்றி முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர், ஒருமுறை தாங்கும் சுமையை இலட்சம் முறை சுமந்தால் உலோகம் களைத்து முறியும் என்று காட்டினார். எஃகில் ஒரு வரம்புக்குக் கீழுள்ள சுமை எத்தனை முறை வந்தாலும் களைப்பு சேர்வதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான வரம்பு இல்லை. சிறு சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பெடல் பொருந்தும் துளையருகே மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி, வெளியே பளபளப்புக் குறையாமலே உள்ளே வளரும். சதுரப் பொருத்தம் தளர்ந்த நிலையில் சில மைல் ஓட்டினாலோ அலுமினியத் துளை உருண்டுவிடும். பிறகு எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. நசுங்குவது இப்போது மலிவான முளையன்று, விலையுயர்ந்த கை.

1997இல் ஷிமானோ அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் கிராங்குகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. மலைச் சைக்கிள்களில் பொருத்தப்பட்டிருந்த அவை ஓட்டத்தில் முறிந்தன. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொன்று. உட்குழிவான கையும் தடித்த குழாய் அச்சும் கொண்ட ஹாலோடெக் 2 அமைப்பு 2003இல் மலைச் சைக்கிளில் அறிமுகமாகிப் பிற வகைகளுக்கும் பரவியிருந்தது. அந்தப் பெயரில் 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை உருவான சாலைப் பந்தயச் சைக்கிள் கிராங்குகளில் இரு பகுதிகளை ஒட்டிய இணைப்பு பிரிவது தெரியவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் 7,60,000 கிராங்குகள். பிரிந்ததாக வந்த புகார்கள் 4,519. காயமடைந்தோர் ஆறு பேர். எடையைக் குறைத்த அதே பசையிணைப்பு, பழுதைக் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது.

இந்தியச் சந்தையில் தொண்ணூறுகளில் ‘எம்.டி.பி.’ என்ற எழுத்தொட்டியுடன் வந்த வண்டிகளின் கதை தனி. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பளிச்சென்ற வண்ணம். குனிந்து பார்த்தால் ஒரே பற்சக்கரமும் அதே காட்டர் பின்னும். பள்ளிச் சிறுவர் அவற்றை மலைச் சைக்கிள் என்றே நம்பினர், மலை நம்பவில்லை. உண்மையான பல்கியர் வண்டிகள் எல்லைமலைச் சாலைகளுக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். இன்று நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணை வழியே நெல்லியாம்பதிக்கும், சின்னாறிலிருந்து மறையூர் வழியே மூணாறுக்கும் அலுமினியக் கிராங்க் ஏறுகிறது. காட்டர் கிராங்க் ஏறாத உயரம் அது. ஆனால் அங்கே பழுதானால் புல்லரும் அளவான ஸ்பேனரும் உதிரியும் வேண்டும்; அவை கொச்சியிலோ கோவையிலோ இருக்கும். அடிவாரத்து மிஸ்திரியின் கைகளுக்குப் பழக்கமான சுத்தியல் இங்கே உதவுவதில்லை, கெடுக்கவே செய்யும்.

2023ஆம் ஆண்டுத் திரும்பப் பெறும் நடவடிக்கையில் கிராங்குகளைச் சோதிக்கும் பொறுப்பு விற்பனையாளரின் பட்டறைக்கே அளிக்கப்பட்டது. பிரியத் தொடங்கிய அறிகுறி தென்பட்டவை மட்டும் மாற்றித் தரப்பட்டன. அறிகுறி தென்படாதவை அதே சைக்கிளில் உரியவரிடமே திரும்பிச் சென்றன.