சந்தைக்கு வழி கேட்டவர்

கைமுதல் இருந்தால்தான் வணிகம் என்பர். இக்கூற்றை ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு நாம் உரைத்துப் பார்ப்போம்.

கி.பி. 622-ல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவரை மதீனாவின் செல்வர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் அவர்கள் தம் உடைமையில் சரிபாதியை அளிக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ அவரை வாழ்த்திவிட்டு, வணிகம் நடைபெறும் சந்தை எதுவென்று மட்டும் வினவினார்கள். கைனுகா சந்தை காட்டப்பெற்றது. காலையில் சென்றவர்கள் தயிர்க்கட்டியும் நெய்யும் ஆதாயமாகக் கொண்டு மீண்டார்கள்.

புகாரி ஷரீபின் வணிக இயலில் காணப்பெறும் இவ்வறிவிப்பில் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் தொடர்ந்து சந்தைக்குச் சென்றதைக் குறிக்க ‘குதுவ்’ என்னும் அரபுச் சொல் ஆளப்பட்டுள்ளது. அது வெறும் போக்கன்று, காலைப் போக்கு. முதலில் சந்தையை அறிதல், சிறு சரக்கை இகழாமை, நாள்தோறும் காலையில் புறப்படுதல் ஆகிய இம்மூன்று பழக்கங்களே அவர்களுடைய கைமுதல். மக்கத்துக் குறைஷியரின் வணிக அறிவு உடனிருந்தது. சில காலத்திற்குள் பேரீத்தங்கொட்டை எடைப் பொன்னை மஹராக ஈந்து மணம் புரிந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்தளிக்குமாறு நபிகளார் பணித்தார்கள்.

ஸஅத் அவர்களின் கொடையுள்ளத்தையும் நாம் மறத்தலாகாது. பாதியைக் கொடுக்கத் துணிந்தவரே சந்தைக்கு வழியும் காட்டினார். நம்மூர்ச் செல்வர்கள் பாதியைத் தரவேண்டா. தொழில் நாடிவரும் இளைஞர்க்கு வழியையேனும் காட்டலாமே! காலையில் புறப்படுவது இளைஞர் கடன்.