கேளிக்கைப் பூங்காவும் இராத் தங்குமிடமும்

"சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொலைவிலுள்ள கேளிக்கைப் பூங்காவைக் காணப் புறப்படும் குடும்பத்தார் இதன் உண்மையை விரைவில் உணர்வர். வாயிலிற் செலுத்தும் கட்டணத்தைப் பன்முறை கணக்கிடும் அவர்கள், இரவில் எங்கே தலை சாய்ப்பது என்பதைக் கடைசியிலேயே எண்ணுகின்றனர். பல வேளைகளில் அந்த இரவுச் செலவே பணப்பையைப் பெரிதும் மெலியச் செய்துவிடுகிறது.

தங்குமிடத்தைத் தெரிவு செய்தல் சிறு விடயம் போலத் தோன்றும். ஆயினும் செல்வமும் கீர்த்தியும் மிக்க ஒரு பெருங் கம்பனியின் போக்கை மூன்று முறை மாற்றியமைத்தது அச் சிறு விடயமே. அதன் வரலாறு ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலை ஓரத்திலே தொடங்குகிறது.

மோட்டார் வண்டி பெருகிய காலத்தில், பிரயாணிகளுக்குப் பட்டணத்து ஹோட்டல்கள் ஒத்துவரவில்லை. தூசி படிந்த உடையுடன் அலங்கார மண்டபத்துள் நுழைய அவர்கள் கூசினர். வண்டியை நிறுத்தவும் இடமில்லை. 1925 ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவிலுள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில், ஆர்தர் ஹைன்மன் என்னும் கட்டடக் கலைஞர் புதுவகை விடுதியொன்றைத் திறந்தார். வண்டியை அறையின் அருகிலேயே நிறுத்தலாம். மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களையும் இணைத்து அவர் வழங்கிய 'மோட்டல்' என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று.

எனினும், பிள்ளைகளோடு செல்வோரின் குறை தீரவில்லை. மெம்பிஸ் நகரத்து வீடுகட்டும் வணிகரான கெமன்ஸ் வில்சன் என்பார், 1951 ஆம் ஆண்டிலே மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாஷிங்டன் நகருக்கு மோட்டார் வண்டியிற் சென்றார். வழியிலே தங்கிய இடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 டொலர் மேலதிகமாக அறவிட்டனர். பெற்றோரின் அறையிலேயே துயிலும் பிள்ளைகளுக்கு இத்தண்டம் ஏன் என்று அவர் சினந்தார். சினத்தோடு நின்றுவிடாது, அடுத்த ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், மெம்பிஸ் நகரில் 'ஹொலிடே இன்' என்னும் தமது முதல் விடுதியைத் திறந்தார். பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அறைதோறும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் உண்டு. நீந்தும் தடாகமும் உண்டு. தலைக்கணக்குப் பார்த்து விலை கூறும் வழக்கத்தை ஒரு தந்தையின் மனத்தாங்கல் முறியடித்தது எனலாம். 1956 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமான பெருந்தெருக்களுக்கு வழிவகுத்தபோது, இத்தகைய விடுதிகளும் அத்தெருக்களைத் தொடர்ந்து சென்றன.

இனி, பூங்காவின் கதைக்கு வருவோம். சித்திரப் படங்களாற் புகழடைந்த வோல்ட் டிஸ்னி, லொஸ் ஏஞ்செல்ஸ் நகருக்குத் தென்கிழக்கே, அனஹைம் என்னும் ஊரில், தோடந் தோட்டங்களாக இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி 'டிஸ்னிலாந்து' பூங்காவைத் திறந்தார். ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் டொலர் செலவாயிற்று. தமது ஆயுட் காப்புறுதியின் மேலும் கடன் பெற்று, தொலைக்காட்சி நிறுவனமொன்றின் முதலீட்டையும் நாடி முடித்த வேலை அது. விடுதி கட்ட அவரிடம் பணம் எஞ்சவில்லை.

ஆதலின், எண்ணெய்த் தொழிலிலும் தொலைக்காட்சிப் படத் தயாரிப்பிலும் ஈடுபட்டிருந்த ஜாக் ரேதர் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் டிஸ்னிலாந்து ஹோட்டல் சுமார் 100 அறைகளுடன் திறக்கப்பட்டது. பெயர் டிஸ்னியுடையது, வருவாயோ ரேதருடையது. 1961 ஆம் ஆண்டிலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மொனோரெயில் வண்டி பூங்காவிலிருந்து அவ்விடுதி வரை நீட்டப்பட்டது. அவ்விடுதியை டிஸ்னி கம்பனி தன் உடைமையாக்கியது 1988 ஆம் ஆண்டிலேதான்.

வேலிக்கு வெளியே நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. சில ஆண்டுகளுள் பூங்காவைச் சூழ்ந்த தெருக்களில் மோட்டல்கள் நெருங்கி எழுந்தன. வண்ண விளக்குகளும், விண்வெளி யுகத்தை நினைவூட்டும் கூரைகளும் பெயர்களும் வழிப்போக்கரை அழைத்தன. பெருவிடுதியின் கட்டணத்தைத் தாங்கமுடியாத குடும்பத்தாருக்கு அவை பேருதவி புரிந்தன. காலையிலே நடந்தே பூங்காவுக்குச் செல்லலாம்; மாலையிலே பிள்ளைகளைத் தடாகத்தில் நீந்தவிடலாம். டிஸ்னிக்கோ அது ஆறாத மனக்குறையாயிற்று. கூட்டத்தை அழைத்தவர் அவர். அதன் ஊதியத்தை அறுவடை செய்தவர் அயலார். தாம் அமைத்த கனவுலகின் விளிம்பிலே விளம்பரப் பலகைகள் மின்னுவதையும் அவர் விரும்பவில்லை.

இம்மனக்குறையே புளோரிடா மாநிலத்து நிலக்கொள்வனவுக்கு ஒரு பெருங் காரணமாயிற்று. 1964, 1965 ஆம் ஆண்டுகளில், ஓர்லாண்டோ நகரின் அருகே, பெயர் தெரியாத சிறு கம்பனிகளின் பேரால் 27,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் இரகசியமாக வாங்கப்பட்டது. சராசரி விலை ஏக்கருக்கு 200 டொலருக்கும் குறைவு. 1965 ஒக்டோபரில் பத்திரிகையொன்று உண்மையை வெளியிட்டதும் அயல் நிலங்களின் விலை வானளாவ உயர்ந்தது. முதற் பூங்காவுக்கு 160 ஏக்கர். இரண்டாவதற்கு அதைப்போல நூற்றறுபது மடங்குக்கும் மேல்! இம்முறை வேலிக்குள்ளேயே விடுதிகளுக்கும் இடம் உண்டு.

வோல்ட் டிஸ்னி அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1966 டிசெம்பர் 15 ஆந் திகதி அவர் காலமானார். அவருடைய தமையனார் ரோய் டிஸ்னி 1971 ஒக்டோபர் 1 ஆந் திகதி அப்பூங்காவைத் திறந்தபோது, கொண்டெம்பொரரி, பொலினீசியன் என்னும் இரு விடுதிகளும் உடன் திறக்கப்பட்டன. அவற்றின் அறைகள் வேறிடத்தில் முழுமையாகச் செய்யப்பட்டு, பாரந்தூக்கிகளால் எடுத்து உருக்குச் சட்டங்களிற் பொருத்தப்பட்டன. கொண்டெம்பொரரி விடுதியின் உள்ளேயே மொனோரெயில் ஓடிற்று. செலவைக் குறைக்க விரும்புவோருக்குக் கூடாரமிட்டுத் தங்கும் வனமுகாம் ஒன்றும் அடுத்த மாதம் திறக்கப்பட்டது. எனினும், எல்லைக்கு வெளியே, கிசிம்மி ஊரின் நெடுஞ்சாலையில், அனஹைமில் எழுந்தவை போன்ற மோட்டல்கள் மறுபடியும் முளைத்தன. நிலத்துக்கு வேலியிடலாம், குடும்பத்தாரின் கணக்குக்கு வேலியிட இயலுமா? இவ்வுண்மையை உணர்ந்த கம்பனி, 1988 ஆம் ஆண்டில் நடுத்தரக் கட்டணமுடைய விடுதியையும், 1994 ஆம் ஆண்டில் அதனினும் மலிவான விடுதியையும் தானே திறந்தது.

இதற்கிடையே, பிரான்சு தேசத்திலே அக்கம்பனி கடும் பாடமொன்றைக் கற்றது. 1992 ஏப்பிரல் 12 ஆந் திகதி, பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 20 மைல் தொலைவில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. அனஹைமில் விடுதிகள் கைநழுவிய நினைவு கம்பனியை விட்டு அகலவில்லை. ஆகவே, ஆறு விடுதிகளும் ஒரு முகாமுமாக, 5,000 அறைகளுக்கு மேல் ஒரே முறையிற் கட்டப்பட்டன. புளோரிடாவில் அப்போது மூன்று பூங்காக்கள் இருந்தமையால் குடும்பங்கள் பல நாட் தங்கின. பாரிசில் இருந்ததோ ஒரே பூங்கா. அதை ஒரு பகலிற் பார்த்துவிடலாம். பூங்காவின் வாயில்வரை புகையிரதம் வந்தமையால், மாலையிலே பாரிசுக்குத் திரும்புதல் எளிது. கட்டணமோ மிகுதி. பாடசாலை நாட்களிற் பிள்ளைகளை மறித்து அழைத்துச் செல்லும் வழக்கமும் ஐரோப்பியரிடம் குறைவு. முதற் பனிக்காலத்திலேயே பெருவிடுதி ஒன்றை மூட நேர்ந்தது. 1993 ஆம் நிதியாண்டின் நட்டம் 500 கோடி பிராங்குக்கும் மேலாயிற்று. பின்னர் கடன்கள் மறுசீரமைக்கப்பட்டு, கட்டணங்களும் குறைக்கப்பட்டன. 1995 ஆம் ஆண்டிலேதான் முதல் இலாபம் கிட்டியது.

அனஹைமில் விடுதி கட்டாமையால் இழப்பு. பாரிசில் அளவுக்கு மீறிக் கட்டியமையால் இழப்பு. இரண்டிலும் தீர்ப்பளித்தவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். பிள்ளைகளோடு பெட்டி சுமந்து வந்த சாதாரண பெற்றோர்களே. அவர்களின் தராசில் ஒரு தட்டில் தூரமும் மறு தட்டில் விலையும் இருந்தன. அருகே தங்குபவர், உச்சிவெயிலிற் சோர்ந்த குழந்தையைத் தோளிலிட்டு அறைக்குக் கொணர்ந்து துயிலவிட்டு, மாலையில் மீண்டும் அழைத்துச் செல்லலாம். தொலைவிலே தங்குபவர் பணத்தை மிச்சப்படுத்துவர். ஆனாற் பிரயாணத்திலே பொழுதை இழப்பர். எது இலாபம் என்பதை அவரவர் வீட்டுப் பிள்ளையின் வயதும் கையிருப்புமே கூறவேண்டும். பூங்காவை அமைப்போர் கூட்டத்தை அழைக்கலாம்; அக்கூட்டம் எங்கே உறங்கும் என்பதை அன்றும் இன்றும் முடிவு செய்வது வீட்டுக் கணக்கே.